இமாம் கஸ்ஸாலி (ரஹ்) நோயுற்றதும் தேறியதும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரைக் கேளாதவர் நம்மவரில் எவரும் இருக்க மாட்டார்கள். ஜும்ஆ பயானிலும், ரமலான் மாதத்து இரவு மஜ்லிஸ்களிலும் ஆலிம்சாக்கள் அவர்களுடைய பெயரைச் சொல்லாமல் இருப்பது அபூர்வம். 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்', அதாவது இஸ்லாத்தின் அத்தாட்சி என்பது அவர்களுக்கு உலகம் சூட்டிய பட்டம். அவர்கள் எழுதிய 'இஹ்யாவு உலூமித்தீன்' நாற்பது பாகங்கள் கொண்ட மகத்தான கிரந்தம். இவையெல்லாம் நமக்குத் தெரியும்.

ஆனால் இவ்வளவு பெரிய இமாம் ஒரு காலத்தில் மனம் நொந்து, நாவு கட்டுண்டு, ஒரு மிடறு தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்தார்கள் என்பதும், வைத்தியர்கள் கைவிட்டு விட்டார்கள் என்பதும் நம்மில் அநேகருக்குத் தெரியாது. இதை எவரும் மறைத்து வைக்கவில்லை. இமாமவர்களே தங்கள் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தாம் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இருக்கிறது. நம்மவர் ஒருவருக்கு இனிப்பு நீர் வியாதி வந்தால் கடையில் நின்றபடியே அதைப் பேசுவோம். இருதய நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டமாய்ப் போய்ப் பார்ப்போம். மனத்தில் நோய் வந்துவிட்டால் மட்டும் வாயை மூடிக் கொள்வோம். பின்கட்டு அறையில் உட்கார வைப்போம். ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லிச் சமாளிப்போம். ஈமான் பலவீனம் என்பார் ஒருவர், கண்ணேறு என்பார் இன்னொருவர். இவற்றையெல்லாம் நோயாளி காதில் வாங்கிக் கொண்டுதான் இருக்கிறார். தேறி எழுந்த பின்னும் அவர் மனிதர் முகத்தில் விழிக்கக் கூசுகிறார். அப்படிக் கூசுகிறவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் இந்தச் சரித்திரம் பயன்படும் என்பதால் எழுதத் துணிந்தேன்.

ஏழைப் பிள்ளையின் படிப்பு

குராசான் தேசத்தில் தூஸ் என்னும் ஊரில், ஹிஜ்ரி 450-ம் வருஷம், கி.பி. 1058-ல் இமாமவர்கள் பிறந்தார்கள். இன்றைய ஈரானில் மஷ்ஹது நகருக்கு அருகில் உள்ள இடம் அது. தகப்பனார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்று சொல்லப்படுகிறது. எழுதப் படிக்கக் கிடைக்காத குறை அவருக்கு இருந்தது. மரணம் நெருங்கியபோது, முஹம்மது, அஹ்மது என்ற தம் இரு மக்களையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்து, கையில் இருந்த சொற்பப் பணத்தையும் கொடுத்து, பிள்ளைகளுக்கு இல்ம் கற்றுக் கொடுக்கும்படி கேட்டுக் கொண்டார். பணம் தீர்ந்து போயிற்று. அந்த நண்பரும் ஏழைதான். ஆகையால் சோறும் உதவித் தொகையும் கிடைக்கும் மத்ரஸாவில் இருவரையும் சேர்த்துவிட்டார். வயிற்றுக்காகப் போய்ச் சேர்ந்த அந்த இரு சிறுவர்களும் பிற்காலத்தில் பெயர் பெற்றவர்கள் ஆனார்கள். மூத்தவர் நம் இமாம். இளையவர் அஹ்மது கஸ்ஸாலி (ரஹ்), சூஃபியாக்களில் பிரசித்தி பெற்றவர்.

இமாமவர்கள் முதலில் தூஸிலும், பிறகு ஜுர்ஜானிலும் ஓதினார்கள். ஜுர்ஜானிலிருந்து திரும்பும் வழியில் கொள்ளைக்காரர்கள் சாமான்களைப் பறித்தபோது நடந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. எதை எடுத்தாலும் பரவாயில்லை, தாம் எழுதி வைத்த பாடக் குறிப்புகளை மட்டும் தந்துவிட வேண்டும் என்று அவர்கள் மன்றாடினார்கள். காகிதம் போனால் போய்விடுகிற கல்வியும் ஒரு கல்வியா என்று கொள்ளைத் தலைவன் சிரித்துவிட்டுக் குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தானாம். அந்த வார்த்தையைப் பாடமாக எடுத்துக் கொண்டு, மூன்று வருஷம் தூஸில் இருந்து அத்தனையையும் மனப்பாடம் செய்தார்கள் என்று சொல்வார்கள்.

அதன் பிறகு நைஸாபூர் சென்று, இமாமுல் ஹரமைன் என்று புகழ் பெற்ற ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். உஸ்தாது அவர்கள் 1085-ல் வஃபாத்தான பின், ஸல்ஜூக் அரசின் பிரதம மந்திரி நிஜாமுல் முல்கின் சபைக்குச் சென்றார்கள். பல தேசத்து ஆலிம்களும் கூடும் சபை அது. அங்கே வாதங்களில் நம் இமாமை வெல்ல ஆளில்லை. 1091-ல், முப்பத்து மூன்று வயதிலேயே, பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமைப் பதவி அவர்களைத் தேடி வந்தது. அக்காலத்தில் ஓர் ஆலிமுக்கு அதற்கு மேல் ஓர் உத்தியோகம் கிடையாது.

ஐந்நூறு தீனார் உடை

பக்தாதில் முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டார்கள். கலீஃபாவின் அரண்மனையிலும் அவர்களுக்கு மரியாதை இருந்தது. பாடம் சொல்லிய நேரம் போக மிச்ச நேரத்தில், ஆசிரியர் எவர் துணையும் இல்லாமல் தத்துவ சாஸ்திர நூல்களைத் தாமே படித்துத் தேர்ந்தார்கள். அந்தச் சாஸ்திரிகளின் பிழைகளை எடுத்துக் காட்டி 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' என்ற நூலையும் எழுதினார்கள்.

இமாமவர்கள் பக்தாதுக்குள் வந்தபோது அவர்கள் உடுத்தியிருந்த உடையையும் ஏறி வந்த வாகனத்தையும் சிலர் மதிப்புப் போட்டுப் பார்த்தார்களாம். ஐந்நூறு தீனார் பெறுமென்று கணக்கு வந்ததாம். சரித்திர ஆசிரியர் இப்னுல் ஜவ்ஸீ இதை எழுதி வைத்திருக்கிறார். வியாபாரிகளாகிய நமக்கு இந்தக் கணக்கு மறக்காது. பின்னால் இது மறுபடியும் வரும்.

அக்காலத்து இமாமவர்களின் சுபாவத்தைப் பற்றி, அவர்களை நேரில் அறிந்த நைஸாபூர் சரித்திர ஆசிரியர் அப்துல் காஃபிர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தம் அறிவையும் நாவன்மையையும் எண்ணிப் பெருமை கொண்டு, மற்றவர்களை அலட்சியமாகப் பார்க்கும் குணம் அவர்களிடம் இருந்தது என்கிறார். ஒரு வலியுல்லாவைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று நாம் திடுக்கிட வேண்டாம். இமாமவர்களே தங்களைப் பற்றி இதைவிடக் கடுமையாக எழுதியிருக்கிறார்கள்.

மேலே இருந்த காலம் நிம்மதியான காலமும் அல்ல. 1092-ல் நிஜாமுல் முல்க் ஒரு பாத்தினியின் கத்திக்கு இரையானார். ஒரு மாதம் சென்று சுல்தான் மலிக்ஷாவும் இறந்தார். வாரிசுகளுக்குள் சண்டை மூண்டது. 1094-ல் கலீஃபா முக்ததியும் காலமானார். இமாமவர்களைத் தாங்கி நின்ற தூண்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன.

நாவு நின்றது

நோய் ஒரே நாளில் வரவில்லை. அதற்கு முன்பே ஒரு தடவை இமாமவர்களை ஒரு பெரிய சந்தேகம் பிடித்து ஆட்டியது. கண்ணால் காண்பதை எப்படி நம்புவது? நிழல் அசையாமல் நிற்பது போல் தோன்றுகிறது, ஆனால் அது நகர்ந்து கொண்டே இருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் காசளவு தெரிகிறது, ஆனால் கணக்குப் போட்டால் பூமியைவிடப் பெரியது. கண் பொய் சொல்லுமென்றால் புத்தியும் ஏன் பொய் சொல்லாது? இப்படி எதையுமே நம்ப முடியாத நிலையில் ஏறத்தாழ இரண்டு மாதம் கிடந்தார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. அது ஒரு நோய் என்றே இமாமவர்கள் எழுதுகிறார்கள். தர்க்கத்தினாலோ வாதத்தினாலோ அது குணமாகவில்லையாம். அல்லாஹுத் தஆலா நெஞ்சில் போட்ட ஒளியினால் குணமாயிற்றாம்.

பெரிய நோய் ஹிஜ்ரி 488, ரஜப் மாதத்தில், அதாவது 1095 ஜூலை வாக்கில் வந்தது. இமாமவர்களுக்கு அப்போது வயது முப்பத்தேழு. வியாபாரி வருஷக் கடைசியில் ஐந்தொகை எடுப்பது போல், தம் வாழ்வை எடுத்துப் பார்த்தார்கள். தம் வேலைகளில் சிறந்தது பாடம் சொல்வது. அதுவும் ஆகிரத்துக்குப் பயன்படாத கல்வியாக இருந்தது. நிய்யத்தைப் பார்த்தால், அல்லாஹ்வுக்காக என்பதைவிடப் பேருக்கும் பதவிக்கும் என்பதே மிகுந்திருந்தது. இடிந்து விழப்போகும் கரையின் விளிம்பில் நிற்பதாகத் தோன்றிற்று.

எல்லாவற்றையும் விட்டுப் போய்விடலாம் என்று ஒரு நாள் தீர்மானிப்பார்கள். மறுநாள் அந்தத் தீர்மானம் கரைந்து போகும். காலையில் ஆகிரத்தின் மேல் ஆசை பிறக்கும். மாலையில் உலக ஆசை படை திரட்டி வந்து அதை அடித்து விரட்டும். இந்தப் பதவியை விட்டால் பிறகு கிடைக்குமா என்று மனம் கேட்கும். மரணம் காத்திருக்குமா என்று அதே மனம் திருப்பிக் கேட்கும். ஏறத்தாழ ஆறு மாதம் இந்த இழுபறி நடந்தது.

கடைசியில், தாமே தீர்மானிக்கும் சக்தியும் போய்விட்டது. நாவு கட்டிக் கொண்டது. தம்மை நாடி வந்த மாணவர்களின் மனம் குளிர ஒரு நாளாவது பாடம் சொல்ல வேண்டும் என்று முயன்று பார்த்தார்கள். ஒரு சொல்கூட வாயிலிருந்து வரவில்லை. வாதத்தில் எவராலும் வெல்ல முடியாத நாவு அது! துக்கம் நெஞ்சில் இறங்கிற்று. பசி எடுக்கவில்லை. உணவு செரிக்கவில்லை. தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. உடம்பு மெலிந்து, சக்திகள் ஒவ்வொன்றாய்க் குன்றின.

வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள். மருந்துக்குக் குறைவில்லாத ஊர் பக்தாது. அங்கே நூறு வருஷத்துக்கு முன்பே அளுதுத் தௌலா கட்டிய பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. உடம்பைப் போல மனத்துக்கும் நோய் வரும், அதற்கும் சிகிச்சை உண்டு என்று, 934-ல் காலமான அபூ ஸைது அல்பல்கீ என்ற அறிஞர் ஒரு நூலே எழுதியிருந்தார். இமாமவர்களைப் பார்த்த வைத்தியர்களும் நோயைச் சரியாகவே கண்டு சொன்னார்கள். நோய் முதலில் இருதயத்தில் இறங்கி, அங்கிருந்து உடம்பில் பரவியிருக்கிறது. உள்ளத்தைப் பிடித்த கவலை நீங்கி மனம் ஓய்ந்தாலன்றி மருந்து வேலை செய்யாது என்பது அவர்கள் முடிவு. அதற்கு மேல் தங்களால் ஆவதில்லை என்று கைவிட்டார்கள்.

அவர்கள் இமாமைப் பார்த்து ஈமான் குறைவு என்று சொல்லவில்லை. சோம்பல் என்றோ பாசாங்கு என்றோ சொல்லவில்லை. நோய் என்றுதான் சொன்னார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் அவர்கள் சொன்னதைச் சொல்ல இன்றைக்கும் நம்மில் பலருக்கு வாய் வரவில்லை.

ஊர் வாய்

தம்மால் இனி ஒன்றும் முடியாது என்று கண்டபோது, வேறு வழியற்றவன் கெஞ்சுவது போல் இமாமவர்கள் அல்லாஹ்விடம் கெஞ்சினார்கள். பதவி, பொருள், குடும்பம், தோழர்கள் எல்லாவற்றையும் விட்டு விலகுவது அதன் பின் மனத்துக்கு இலேசாயிற்று என்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறோம் என்று வெளியே சொல்லிவிட்டு, ஷாம் தேசத்தில் போய்த் தங்கும் எண்ணத்தோடு 1095 நவம்பரில் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். தடுத்து விடுவார்கள் என்ற பயத்தால் உள் எண்ணத்தை எவருக்கும் சொல்லவில்லை.

ஆனால் பொறுப்பை உதறிவிட்டு ஓடவில்லை. பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு, தமக்கு மட்டாய் வேண்டியதை எடுத்துக் கொண்டு, மிச்சத்தைப் பங்கிட்டார்கள். மத்ரஸாவில் பாடம் நிற்காமல் இருக்கத் தம்பி அஹ்மது (ரஹ்) அவர்கள் அந்த இடத்தில் அமர்ந்தார்கள். ஒருவர் நோயில் விழுந்தபோது அவருடைய சுமையில் ஒரு முனையைச் சொந்தக்காரர் ஏந்திக் கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இராக்கின் ஆலிம்கள் குறை சொன்னார்கள். இவ்வளவு பெரிய பதவியை மார்க்கத்துக்காக ஒருவர் விடுவார் என்று அவர்களால் நம்பவே முடியவில்லை. தூரத்தில் இருந்தவர்கள், அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவிட்டார் என்றார்கள். அருகில் இருந்தவர்களோ, அதிகாரிகள் இவர்களை விடாமல் பற்றியதையும் இவர்கள் முகம் திருப்பியதையும் கண்டு, இது முஸ்லிம்களுக்கு ஏற்பட்ட கண்ணேறு என்றார்கள். இத்தனையையும் இமாமவர்களே வரிசையாக எழுதியிருக்கிறார்கள். எழுதினார்களே தவிர, ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல நிற்கவில்லை; தம் பயணத்தைத் தொடர்ந்தார்கள்.

பத்து வருஷம்

திமிஷ்க் நகரில் ஏறத்தாழ இரண்டு வருஷம் தங்கினார்கள் என்பது அவர்கள் எழுதிய கணக்கு. அங்குள்ள உமையாப் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறி, கதவைச் சாத்திக் கொண்டு பகல் முழுதும் தனித்திருப்பார்கள். ஒரு நாள் அவ்வூர் மத்ரஸாவில், தம்மை யாரென்று அறியாத ஓர் ஆசிரியர் தம் பெயரையே சொல்லிப் பாடம் நடத்துவதைக் கேட்டு, மனத்தில் மறுபடியும் பெருமை முளைத்துவிடுமோ என்று அஞ்சி ஊரைவிட்டே புறப்பட்டார்கள் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

பைத்துல் முகத்தஸ் சென்று குப்பத்துஸ் ஸக்ராவிலும் கதவைச் சாத்திக் கொண்டு தனித்திருந்தார்கள். சிலுவைப் போராளிகள் 1099-ல் அவ்வூரைப் பிடிக்கும் முன் நடந்தது இது. ஹலீலுர் ரஹ்மான் என்னும் ஊரில், நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் ஸியாரத்தில் நின்று மூன்று உறுதிகள் எடுத்தார்கள்: அரசர்களின் வாசலுக்குப் போவதில்லை, அவர்கள் பணத்தை வாங்குவதில்லை, சபைகளில் வாதம் செய்வதில்லை. தம்மை நோயில் தள்ளியவை எவை என்று தெரிந்து கொண்டு, அந்த வாசல்களை அடைத்தார்கள். பிறகு மக்கா சென்று ஹஜ்ஜை நிறைவேற்றி, மதீனாவில் ஸியாரத்தும் செய்தார்கள்.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிள்ளைகளின் நினைவும் அவர்களின் அழைப்பும் இமாமவர்களை ஊருக்கு இழுத்தன. திரும்பி வருவோம் என்று கொஞ்சமும் எண்ணாதவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தபின் குடும்பக் காரியங்களும் ஜீவனத்தின் தேவைகளும் தம் தனிமையைக் கலைத்துக் கொண்டே இருந்தன என்று எழுதுகிறார்கள். மனத்தெளிவு எப்போதும் இருந்ததில்லை. விட்டு விட்டுத்தான் கிடைத்தது. தடைகள் தள்ளிவிடும், மறுபடியும் திரும்பி வருவார்கள். ஆனாலும் நம்பிக்கையை மட்டும் கைவிடவில்லை. இப்படியே பத்து வருஷம் சென்றது.

இவ்வளவு பெரிய இமாமுக்கே நிம்மதி முழுமையாய், தடையில்லாமல் கிடைக்கவில்லை. மழைக்காலத்து வெயில் போல வந்து வந்து போயிற்று. அதற்காகத் தாம் தேறவே இல்லை என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. தேறி வரும் நம்மவர், ஒரு நாள் மனம் சரியில்லாவிட்டால் எல்லாம் பாழ் என்று உட்கார்ந்து விடுகிறார். ஒரு நாள் வியாபாரம் மந்தமானால் கடையை இழுத்து மூடிவிடுவோமா?

ஊருக்குத் திரும்பும் வழியில் 1097-ல் இமாமவர்கள் மறுபடியும் பக்தாதுக்கு வந்து, நிஜாமிய்யா மத்ரஸாவுக்கு நேர் எதிரில் இருந்த ஒரு ரிபாத்தில், அதாவது சூஃபியாக்களின் மடத்தில் தங்கினார்கள். தாம் நாவு கட்டி நின்ற அதே மத்ரஸா! பழைய மாணவர்களும் பழைய பொறாமைக்காரர்களும் பார்க்கிற இடம். வேறு தெருவில் ஒளிந்து கொள்ளவில்லை. அப்போது அவர்கள் உடையை மறுபடியும் மதிப்புப் போட்டுப் பார்த்தார்களாம். பதினைந்து கீராத்து, அதாவது ஒரு தீனாருக்கும் குறைவு! ஐந்நூறு தீனாராய் இருந்தபோது உறங்க முடியாத மனம், ஒரு தீனாருக்குக் குறைந்தபோது எதிர்த் தெருவிலேயே தலை நிமிர்ந்து தங்கிற்று.

'இஹ்யாவு உலூமித்தீன்' பிறந்தது இந்தப் பயணக் காலத்தில்தான். அதன் ஒரு பாகம் முழுதும் சம்பாத்தியத்தையும் வியாபாரத்தையும் பற்றியது. சரக்கில் குறை இருந்தால் வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று அதில் நமக்குச் சட்டம் சொல்கிறார்கள். மனத்தைப் பழக்குவது பற்றிய பாகத்திலோ, கோபத்தையும் ஆசையையும் வேரோடு பிடுங்கி எறிவது நோக்கமல்ல, அவற்றை நிதானத்துக்குக் கொண்டு வருவதே நோக்கம் என்கிறார்கள். அதற்கு ஓர் உதாரணம் காட்டுகிறார்கள். பேரீச்சங்கொட்டை இப்போது மரமும் அல்ல, ஆப்பிளும் அல்ல. பக்குவமாய் வளர்த்தால் அது பேரீச்ச மரமாகும். எவ்வளவு வளர்த்தாலும் ஆப்பிள் மரம் ஆகாது. மனிதனும் அல்லாஹ் தன்னை எப்படிப் படைத்தானோ அதை அறிந்து, அதிலிருந்து வளர வேண்டும். எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் வைத்தியன் பலரைக் கொன்று விடுவான். எல்லா மனத்துக்கும் ஒரே உபதேசம் செய்பவனும் அப்படித்தான் என்றும் அங்கே எழுதியிருக்கிறார்கள்.

மறுபடியும் பாடம்

1106-ல் நிஜாமுல் முல்கின் மகன் ஃபக்ருல் முல்க், நைஸாபூர் நிஜாமிய்யாவில் பாடம் சொல்ல வேண்டுமென்று வற்புறுத்தி அழைத்தார். தனிமையில் சுகமாக இருந்துவிடுவது நியாயமா, மார்க்கத்துக்குத் தேவை ஏற்பட்டிருக்கும்போது சோம்பலால் ஒதுங்கலாமா என்று இமாமவர்கள் தங்களையே கேட்டுப் பார்த்தார்கள். நல்லோர்களிடம் யோசனை கேட்டார்கள். ஒப்புக் கொண்டார்கள். பதினொரு வருஷத்துக்கு முன் நின்ற நாவு மறுபடியும் பாடம் சொல்லிற்று.

பழைய இடத்துக்குத் திரும்பினேன் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். ஆனால் திரும்புவது என்றால் முன்பு இருந்த நிலைக்கே போவது, நான் அப்படிப் போகவில்லை என்ற கருத்தில் இமாமவர்கள் எழுதுகிறார்கள். முன்பு பேர் சம்பாதிக்கும் கல்வியைச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது பேரை விடச் செய்யும் கல்வியைச் சொல்லிக் கொடுத்தார்கள். வேலை ஒன்றுதான், செய்பவர் வேறு.

முன்பு குறை எழுதிய அப்துல் காஃபிர் இந்தக் காலத்திலும் அவர்களைப் பல தடவை போய்ப் பார்த்தார். இந்தப் பணிவு வெறும் வேஷமாக இருக்கும் என்றே முதலில் நினைத்தாராம். நெருங்கி விசாரித்த பின், உண்மையிலேயே மனிதர் மாறிவிட்டார் என்று எழுதினார்.

இந்தக் காலத்தில்தான், ஐம்பது வயதைத் தாண்டிய பின், 'அல்முன்கிது மினள் ளலால்' என்ற சிறிய நூலில் தம் சந்தேகம், நோய், நாவு நின்றது, வைத்தியர் கைவிட்டது எல்லாவற்றையும் எழுதினார்கள். அவர்கள் மறைத்திருந்தால் நமக்கு இந்தச் சரித்திரமே கிடைத்திராது. சரக்கின் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்று வியாபாரிக்குச் சட்டம் சொன்னவர்கள், தம் சரக்கின் குறையையும் சொல்லிவிட்டுத்தான் நம் முன் நிற்கிறார்கள். அதனால் அவர்கள் மதிப்பு ஓர் அணாவும் குறையவில்லை.

சில வருஷத்தில் நைஸாபூரையும் விட்டுத் தூஸுக்கே வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் சூஃபியாக்களுக்கு ஒரு கான்காவும் அமைத்துக் கொண்டார்கள். பக்தாதுக்கு மறுபடியும் வரும்படி அழைப்பு வந்தபோது, மாட்டேன் என்று மரியாதையாக எழுதி அனுப்பினார்கள். தமக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் பிறை 14, திங்கட்கிழமை, கி.பி. 1111 டிசம்பரில், சுபுஹு தொழுத பின் தம் கபன் துணியைக் கேட்டு வாங்கி, முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக் கொண்டு, கிப்லாவை நோக்கிப் படுத்து வஃபாத்தானார்கள் என்று தம்பி அஹ்மது (ரஹ்) அவர்கள் சொன்ன செய்தி பதிவாகியிருக்கிறது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது

இமாமவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள் என்று நாமும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. அவர்கள் காலத்து வைத்தியரால் ஆகாத பல காரியங்கள் இக்காலத்து டாக்டர்களால் ஆகின்றன. மன நோய்க்குத் தனி டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்து இருக்கிறது, உட்கார்ந்து பேசிக் குணப்படுத்துவோரும் இருக்கிறார்கள். தொழுகையும் துஆவும் ஒரு பக்கம் நடக்கட்டும்; ஆஸ்பத்திரி ஒரு பக்கம் நடக்கட்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையல்ல. டாக்டர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், அவரைக் கேட்டே எதையும் செய்வது நல்லது.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அஹ்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் போல் சுமையின் ஒரு முனையைப் பிடியுங்கள். கடையை ஆறு மாதம் பார்த்துக் கொள்வது பெரிய காரியமல்ல. தேறி வந்தவரைப் பழைய ஆளாக ஆகிவிட்டாயா என்று கேட்காதீர்கள். பழைய ஆளாக ஆவதுதான் குணம் என்பதில்லை. மெதுவாய்ப் பேசுகிறவராக, கொஞ்சமாய் வேலை செய்கிறவராக அவர் வந்தாலும் அப்படியே கல்லாவில் உட்கார இடம் கொடுங்கள்.

தேறி வரும் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. ஹுஜ்ஜத்துல் இஸ்லாத்துக்கு வந்த நோய் உமக்கும் வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் ஆறு மாதம் தவித்துப் பத்து வருஷம் நடந்தார்கள். நீரும் அவசரப்பட வேண்டாம். உம்முடைய கணக்கில் இந்த நோயும் ஒரு வரிதான். அந்த ஒரு வரியை வைத்துப் பேரேடு முழுவதையும் கிழித்துப் போடாதீர்.

நோயுற்ற எல்லா உள்ளங்களுக்கும் அல்லாஹுத் தஆலா ஷிஃபாவையும் அமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.